கன்று வீசிய தொழுவமும் காரணம் தெரியாத காய்ச்சலும்

சினைப்பசு ஒன்று ஏழாவது மாதத்திலோ எட்டாவது மாதத்திலோ கன்றை வீசிவிடுகிறது. நஞ்சுக்கொடி விழாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. வீட்டுக்காரரோ, ஊரில் இதில் பழக்கமுள்ள பெரியவரோ வெறுங்கையை உள்ளே விட்டு அதை எடுத்துப் போடுகிறார். செத்த கன்றை வாய்க்கால் ஓரத்தில் புதைக்கிறார்கள். அவசரத்தில் அப்படியே எறிந்துவிடுவதும் உண்டு. கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரக் கிளையில் கட்டுவது நம் கிராமங்களின் பழைய வழக்கம். கண் பட்டுவிட்டது, வெயில் தாங்கவில்லை, பக்கத்து மாடு முட்டிவிட்டது என்று ஏதோ ஒரு காரணத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். சில வாரம் கழித்து, கையை உள்ளே விட்டவருக்குப் பொழுது சாய்ந்தால் காய்ச்சல் வருகிறது. இரவு வேர்வையில் பாய் நனைகிறது. இடுப்பும் மூட்டுகளும் வலிக்கின்றன. மருத்துவரிடம் போய்க் காய்ச்சலைச் சொல்கிறார். மாடு கன்று வீசியதை அவர் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை.

இரண்டுக்கும் காரணம் ஒரே பாக்டீரியாதான்: புருசெல்லா. மாட்டில் அது உண்டாக்குவதைக் கன்று வீச்சு நோய் என்கிறோம். மனிதரில் அதற்கு மால்ட்டா காய்ச்சல், அலைக் காய்ச்சல், புருசெல்லோசிஸ் என்று பல பெயர்கள். தொழுவத்தில் நடந்ததையும் வீட்டுக்குள் நடந்ததையும் சேர்த்துப் பார்க்காமல் விட்டதுதான் இந்த நோயின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப நடந்த தவறு. இந்தியாவில் இன்றும் அதுவே நடக்கிறது என்பதுதான் என் கவலை.

புருசெல்லா ஒரே இனமல்ல. மாட்டையும் எருமையையும் முதன்மையாகப் பிடிப்பது ஆபார்ட்டஸ். வெள்ளாட்டையும் செம்மறியாட்டையும் பிடிப்பது மெலிடென்சிஸ். பன்றிக்கு சூயிஸ், நாய்க்கு கேனிஸ். இவற்றுள் மனிதருக்கு மிகக் கடுமையான நோயைத் தருவது ஆட்டிலிருந்து வரும் மெலிடென்சிஸ். இந்த ஒரு செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கால்நடையின் உடலில் இந்தக் கிருமி கருப்பையைத் தேடிப் போவதற்கு ஒரு காரணம் உண்டு. பசு, ஆடு, பன்றி ஆகியவற்றின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்ற சர்க்கரைச் சாராயப் பொருள் மிகுதியாக இருக்கிறது. புருசெல்லா அதை விரும்பி உண்டு பெருகும். 1960களில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். சினை முதிர முதிரக் கொடியில் கிருமி கோடிக்கணக்கில் பெருகுகிறது, கொடி அழுகுகிறது, கன்று வெளியே வந்து விழுகிறது. கன்றோடு வரும் நீரிலும் கொடியிலும் இருக்கும் கிருமியின் அளவு வேறெங்கும் காண முடியாதது. அதில் மிகச் சிறிய துளி காற்றில் தெறித்து மூக்கில் போனாலும், கையின் கீறலில் பட்டாலும் நோய் தொற்றப் போதும். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நேர் வெயிலில் சில மணி நேரத்தில் சாகும்.

மாட்டுக்காரர்கள் ஏமாறும் இடமும் இதுதான். நோய் கண்ட பசு பெரும்பாலும் ஒரு முறைதான் கன்று வீசும். அடுத்த ஈற்றில் முழு மாதமும் சுமந்து நல்ல கன்றையே ஈனும். மாடு தேறிவிட்டது என்று வீட்டில் நிம்மதி வந்துவிடும். ஆனால் அது தேறவில்லை. பாலிலும், ஒவ்வொரு ஈற்றின்போதும் வெளியேறும் நீரிலும் கிருமியைத் தொடர்ந்து விட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குள் அந்த மாடு சந்தையில் கை மாறியிருந்தால், நோய் இன்னொரு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்ட மால்ட்டாவின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மத்தியதரைக் கடலில் உள்ள அந்தச் சிறு தீவு பிரிட்டனின் கடற்படைத் தளமாக இருந்தது. படைவீரர்களை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் படுக்கையில் தள்ளும் ஒரு காய்ச்சல் அங்கே நிலையாகக் குடிகொண்டிருந்தது. ஜெஃப்ரி ஆலன் மார்ஸ்டன் என்ற படை மருத்துவர் அந்தக் காய்ச்சலைத் தானே அனுபவித்து, 1860களின் தொடக்கத்தில் அதைத் தனி நோயாக விவரித்து எழுதினார். 1884இல் டேவிட் புரூஸ் என்ற இளம் படை மருத்துவர் மால்ட்டா வந்தார். அவர் மனைவி மேரி நுண்ணோக்கி வேலையில் அவருக்கு நிகரான துணை. காய்ச்சலில் இறந்த வீரர்களின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்து 1887இல் புரூஸ் அறிவித்தார். பிற்காலத்தில் அவர் பெயரே கிருமிக்கும் நோய்க்கும் வந்தது.

கிருமி தெரிந்துவிட்டது, ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த பதினெட்டு ஆண்டுகளுக்குத் தெரியவில்லை. சாக்கடை, துறைமுக நீர், தூசி, கொசு என்று எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழுந்தது. வலெட்டா நகரின் தெருக்களில் தினமும் வெள்ளாட்டு மந்தைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. வாடிக்கையாளர் கண் முன்னே, அவர்கள் நீட்டிய பாத்திரத்திலேயே பாலைக் கறந்து கொடுத்தார்கள். கலப்படமில்லாத புத்தம் புதிய பால். அதைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை.

1904இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி இந்தக் காய்ச்சலை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதில் தெமிஸ்டோக்ளிஸ் சாமித் என்ற மால்ட்டாக்காரர் இருந்தார். மருத்துவர், பிற்காலத்தில் தார்ஷியன் என்ற இடத்தில் புதைந்திருந்த பழங்காலக் கோயில்களை அகழ்ந்தெடுத்த தொல்லியலாளரும் இவரே. 1905 ஜூனில் ஆய்வுக்காகக் கொண்டுவந்த ஆடுகளின் இரத்தத்தை அவர் பரிசோதித்தார். பார்வைக்குக் கொழுகொழுவென்று நலமாக இருந்த ஆடுகளின் இரத்தம் மால்ட்டா காய்ச்சல் கிருமியைத் திரளச் செய்தது; தொற்றுக்கு ஆளானதன் அடையாளம் அது. நோய் தெரியாமலே ஆடு நோயைச் சுமக்கிறது என்று புலப்பட்டது. தொடர்ந்து பார்த்ததில் தீவின் ஆடுகளில் ஏறத்தாழப் பாதி தொற்றுக்கு ஆளானவை என்றும், அவற்றில் ஒரு பகுதி பாலில் கிருமியை விடுகின்றன என்றும் தெரிந்தது. 1906இல் படைமுகாம்களில் ஆட்டுப்பாலைத் தடை செய்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் படைவீரர்களிடையே காய்ச்சல் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டது.

மால்ட்டா மக்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை என்பதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆடுதான் ஏழைகளின் வருமானம், ஆட்டுப்பால்தான் அவர்கள் உணவு. ஆட்டைக் கொன்றால் ஈடு கொடுப்பவர் யார் என்ற கேள்விக்கு ஆட்சியாளர்களிடம் பதில் இல்லை. பாலைச் சூடாக்கிச் சுத்திகரிக்கும் நிலையம் 1938இல்தான் அங்கே வந்தது. காரணம் தெரிந்த பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மக்கள் அந்தக் காய்ச்சலோடு வாழ்ந்தார்கள். அறிவியல் கண்டுபிடித்ததைக் கால்நடை வைத்திருப்பவரின் வயிற்றுப்பாடு ஏற்க முடியாமல் போனால் நோய் அசையாது என்பதை மால்ட்டா அப்போதே காட்டிவிட்டது.

இதற்கிடையே டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் என்ற கால்நடை மருத்துவர், கன்று வீசிய பசுக்களிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்து 1897இல் வெளியிட்டிருந்தார். அது மாட்டுநோய், மால்ட்டாக் காய்ச்சல் மனித நோய். இரண்டையும் படித்தவர்கள் வேறு வேறு ஆட்கள். இரண்டு கிருமிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க இருபது ஆண்டுகள் ஆயின. பார்த்தவர் ஆலிஸ் எவன்ஸ், அமெரிக்க வேளாண் துறையின் பால்பண்ணைப் பிரிவில் பணியாற்றிய ஆய்வாளர். இரண்டும் மிக நெருங்கிய உறவுள்ளவை, காய்ச்சாத பசும்பாலால் மனிதருக்கு ஆபத்து வரலாம் என்று 1918இல் எழுதினார். முனைவர் பட்டம் இல்லாத ஒரு பெண் சொன்னதைப் பெரிய அறிஞர்கள் நம்பவில்லை. இத்தனை பேர் இதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்களா என்று கேட்டார்கள். பால் வணிகர்களும் எதிர்த்தார்கள். 1922இல் ஆய்வகத்தில் அவருக்கே அந்தத் தொற்று வந்தது. பல ஆண்டுகள் விட்டு விட்டு வாட்டியது. பிறகு மற்ற ஆய்வாளர்கள் அவர் சொன்னதை ஒவ்வொன்றாக உறுதி செய்தார்கள். 1928இல் அமெரிக்க பாக்டீரியாவியலாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். பாலைச் சூடாக்கிச் சுத்திகரிப்பது அமெரிக்காவில் பொது வழக்கமாக மாறியதில் அவர் பங்கு பெரிது.

மனித உடலுக்குள் இந்தக் கிருமி செய்வதைப் பார்ப்போம். கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே புகுந்து அங்கே குடியிருந்து பெருகுவது புருசெல்லாவின் திறமை. அதனால்தான் காய்ச்சல் ஏறி இறங்கி, விட்டு, மீண்டும் வருகிறது. தொற்றிய சில வாரத்தில் தொடங்கலாம்; சிலருக்கு மாதங்கள் ஆகும். காய்ச்சல், இரவு வேர்வை, பசியின்மை, அசதி, மூட்டு வலி என்று எல்லா நோய்க்கும் பொதுவான குறிகளே இதற்கும். முதுகெலும்பையும் இடுப்பு மூட்டையும் அரிக்கும். ஆண்களுக்கு விதை வீங்கும். இதய வால்வைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. இறப்பவர்கள் நூற்றில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் கூலி வேலை செய்பவர் ஆறு மாதம் குனிய முடியாமல், பாரம் தூக்க முடியாமல் கிடப்பது எந்த இறப்புக் கணக்கிலும் வராது. பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்று வந்துவிட்டால், சோம்பேறி என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும்.

நம் நாட்டில் நீண்ட நாள் காய்ச்சல் என்றால் மருத்துவர் முதலில் நினைப்பது டைஃபாய்டு, மலேரியா, காசநோய். அதில் தவறில்லை, அவைதான் மிகுதி. சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. புருசெல்லா அரித்த முதுகெலும்பு படத்தில் காசநோய் அரித்த முதுகெலும்பு போலவே தோன்றக்கூடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், ஸ்ட்ரெப்டோமைசின் இரண்டும் புருசெல்லாவையும் ஓரளவு அடக்குபவை. ஆகவே தவறான பெயரில் மருந்து சாப்பிட்டவருக்கும் கொஞ்சம் குணம் தெரியும். கணிப்பு சரிதான் என்று எல்லோரும் நம்புவார்கள். சில மாதத்தில் நோய் திரும்பும். சரியாகக் கண்டுபிடித்தால் சிகிச்சை கடினமல்ல. டாக்சிசைக்ளினை ஆறு வாரம், அதோடு ரிஃபாம்பிசினையும் ஆறு வாரம் அல்லது ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியை இரண்டு மூன்று வாரம் கொடுப்பது உலகெங்கும் உள்ள முறை. ஒரே மருந்தாகக் கொடுத்தாலோ, காய்ச்சல் விட்டது என்று பத்து நாளில் நிறுத்தினாலோ நோய் திரும்பி வரும்.

தேடினால் கிடைக்கும் என்பதற்கு வடகர்நாடகத்தின் பீஜாப்பூர் நல்ல சான்று. அங்குள்ள மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 16 ஆண்டுகளில் தங்களிடம் வந்த பெரியவர்களுள் 495 பேருக்கு இந்த நோயை உறுதி செய்து 2006இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் அதே இடத்தில் குழந்தைகளிடமும் கண்டிருந்தார்கள். பீஜாப்பூருக்கு மட்டும் இந்த நோய் தனியாக வந்திருக்க வழியில்லை. அங்கே காய்ச்சலோடு வந்தவர்களின் இரத்தத்தை இந்தக் கிருமிக்காகவும் தவறாமல் பார்த்தார்கள், கிடைத்தது. உலக அளவில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் பேர் என்ற பழைய கணக்கே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2023இல் வெளியான ஒரு மதிப்பீடு 16 முதல் 21 லட்சம் வரை இருக்கலாம் என்கிறது. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் அதில் பெரும் பங்கு.

தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. நாம் பாலைப் பொங்கவிட்டுக் காய்ச்சாமல் குடிப்பதில்லை. காய்ச்சிய பாலில்தான் உறை ஊற்றுகிறோம், அந்தத் தயிரில்தான் வெண்ணெய் எடுக்கிறோம். பாலை 63 டிகிரியில் அரை மணி நேரமோ 72 டிகிரியில் 15 விநாடியோ வைத்திருந்தாலே புருசெல்லா செத்துவிடும். நம் அடுப்பு அதைவிடப் பல மடங்கு செய்கிறது. பச்சைப்பாலில் செய்த மென்மையான பாலாடைக்கட்டியை உண்ணும் மத்தியதரைக் கடல் நாடுகளுக்கும் மெக்சிகோவுக்கும் இல்லாத பாதுகாப்பு இது. பிள்ளைக்கு நல்லது என்று கறந்த சூட்டோடு ஆட்டுப்பாலைப் புகட்டும் வழக்கம் மட்டும் இதில் விதிவிலக்கு. நகரங்களில் இயற்கை உணவு என்ற பெயரில் காய்ச்சாத பாலைக் குடிக்கச் சொல்பவர்களும் இப்போது சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

பால்வழி அடைபட்டிருக்கிறது என்பதால் நம்மிடையே நோய்க்கு ஆளாகிறவர்கள் யார் என்பதும் தெளிவாகிறது: தொழுவத்தில் ஈற்றுப் பார்ப்பவர்கள், பெரும்பாலும் பெண்கள். கிடை போடும் கீதாரிகள். ஆட்டுத்தொட்டியில் வேலை செய்பவர்கள். கால்நடை மருத்துவர்கள், ஆய்வாளர்கள், உதவியாளர்கள். காபி குடிக்கும் நமக்கு ஆபத்தில்லை என்பதாலேயே, நமக்குப் பாலும் கறியும் தருகிறவர்களின் நோய் நம் கண்ணில் படாமல் போகிறது.

மனிதரிடமிருந்து மனிதருக்கு இந்த நோய் பரவுவது மிக மிக அரிது. மனிதருக்கென்று இதற்குத் தடுப்பூசியும் இல்லை. ஆகவே கால்நடையில் ஒழிந்தால்தான் மனிதரில் ஒழியும். செல்வ நாடுகள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. ஸ்வீடன் 1950களிலேயே மாட்டு நோயை ஒழித்தது. ஆஸ்திரேலியா 1989இல் ஒழித்ததாக அறிவித்தது. அமெரிக்கா 1934இல் தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டுப் பண்ணை மாடுகளில் ஏறத்தாழ ஒழித்துவிட்டது. யெல்லோஸ்டோன் பகுதியின் காட்டெருமைகளிலும் பெருமான்களிலும் இன்னும் மிச்சமிருக்கிறது. எல்லோரும் செய்தது ஏறத்தாழ ஒன்றே: பரிசோதி, நோயுள்ளதைக் கொல், உரியவருக்கு ஈடு கொடு, கன்றுகளுக்குத் தடுப்பூசி போடு.

இந்தியாவில் இதன் நடுப்பகுதி நடக்காது. பசுவைக் கொல்லப் பல மாநிலங்களில் சட்டம் இடம் தராது. சட்டம் இடம் தந்தாலும் இரண்டு மாடு வைத்திருப்பவரிடம் ஒன்றைக் கொடு என்று கேட்க முடியாது. எஞ்சியிருப்பது தடுப்பூசி. எஸ்-19 என்ற அந்தத் தடுப்பூசிக் கிருமி, 1923இல் ஆய்வகத்தில் நெடுநாள் வெளியே கிடந்து வீரியம் இழந்த ஒரு வளர்ப்பிலிருந்து கிடைத்தது. பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிறது. 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் கோமாரிக்கும் கன்று வீச்சுக்கும் சேர்த்து 13,343 கோடி ரூபாய் ஒதுக்கியது. நான்கு முதல் எட்டு மாதமுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரு முறை எஸ்-19 போட வேண்டும். செலவு முழுவதும் மத்திய அரசுடையது. நல்ல திட்டம்; நான் இதை மனதார வரவேற்கிறேன். ஆனால் இரண்டு பெரிய ஓட்டைகள் இதில் இருக்கின்றன.

முதலாவது, ஆடு. கோமாரித் தடுப்பூசி ஆடுகளுக்கும் உண்டு; கன்று வீச்சுத் தடுப்பூசி மாட்டுக்கும் எருமைக்கும் மட்டுமே. மனிதரை மிகக் கடுமையாகத் தாக்கும் மெலிடென்சிஸ் ஆட்டில் இருக்கிறது; இந்திய நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுக்கப்படும் கிருமியும் பெரும்பாலும் அதுவே. 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் வெள்ளாடு ஏறத்தாழ 14.9 கோடி, செம்மறி 7.4 கோடி. ஆட்டுக்கென ரெவ்-1 என்ற தடுப்பூசி உலகில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கிரேக்கத்தில் அதைத் தொடர்ந்து போட்ட காலத்தில் மனித நோயும் குறைந்தது. 1990களில் நிறுத்தினார்கள், மீண்டும் ஏறியது, மீண்டும் போடத் தொடங்கினார்கள். ஆட்டை விட்டுவிட்டு மாட்டுக்கு மட்டும் ஊசி போட்டால் பண்ணையின் நட்டம் குறையலாம், ஆட்டுக்காரரின் காய்ச்சல் குறையாது.

இரண்டாவது, இதை யாருடைய வேலையாகக் கொள்வது என்பது. மங்கோலியாவைப் பற்றி 2003இல் வெளியான ஒரு கணக்கு இதை அழகாகக் காட்டுகிறது. கால்நடைகளுக்குப் பெருமளவில் தடுப்பூசி போட்டால், சமூகம் முழுவதற்கும் சேர்த்துப் பார்க்கையில் செலவைப் போல மூன்று மடங்குக்கு மேல் நன்மை கிடைக்கிறது. சுகாதாரத் துறை மட்டுமே முழுச் செலவையும் ஏற்றால் அதன் கணக்கில் கட்டுப்படியாகாது. சுகாதாரத் துறையும் கால்நடைத் துறையும் செலவைப் பங்கிட்டுக்கொண்டால் இரண்டுக்குமே லாபம். நம் ஊரில் கால்நடைத் துறை மாட்டைப் பார்க்கிறது, சுகாதாரத் துறை மனிதரைப் பார்க்கிறது. ஒரு கிராமத்தில் மூன்று மாடு கன்று வீசியது என்ற செய்தி அந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதில்லை. ஒருவருக்கு புருசெல்லோசிஸ் என்று மருத்துவமனை கண்டுபிடித்தால், அவர் வீட்டு ஆடுகளைப் பார்க்கக் கால்நடை மருத்துவர் வருவதும் இல்லை.

தடுப்பூசி போடுகிறவர்களையும் மறக்கக் கூடாது. எஸ்-19 உயிருள்ள கிருமி. திமிறும் கன்றுக்கு ஊசி போடும்போது தன் விரலில் குத்திக்கொண்டாலோ கண்ணில் தெறித்தாலோ போட்டவருக்கே நோய் வரலாம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் இந்த வேலைக்கு அனுப்பக் கூடாது. சீனாவின் லான்ஜோ நகரில் 2019இல் கால்நடைத் தடுப்பூசித் தொழிற்சாலை ஒன்று காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியது. அழியாத கிருமி கழிவுக் காற்றோடு வெளியேறி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றியது. நோய் தடுக்கும் மருந்தையே அவ்வளவு கவனமாகக் கையாள வேண்டிய கிருமி இது.

அரசு செய்ய வேண்டியவற்றுள் முதலாவதாக நான் வைப்பது ஈட்டுத்தொகை. கன்று வீசியதைச் சொன்னால் மாட்டின் விலை போய்விடும், பால் வாங்குபவர் நின்றுவிடுவார் என்ற பயம் இருக்கும்வரை யாரும் சொல்ல மாட்டார்கள். நோயுள்ள மாடு சத்தமில்லாமல் சந்தைக்குப் போகும். கொல்ல முடியாத மாட்டுக்காவது, அதைத் தனியே கட்டி வைத்துப் பராமரிக்க உரியவருக்குப் பணம் தர முடியும். ரோஸ் பெங்கால் என்ற இரத்தப் பரிசோதனைக்கு மிகச் சிறிய செலவு, சில நிமிடங்களில் முடிவு தெரியும். மாட்டுக்கும் மனிதருக்கும் அதுவே முதல் சோதனை. கால்நடை மருந்தகத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது இருக்க வேண்டும்.

வீட்டில் ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள். விழாத கொடியில் வெறுங்கையை விடாதீர்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வீசிய கன்றையும் கொடியையும் நாய் இழுக்க முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அந்தக் கொடியை மரத்தில் கட்ட வேண்டாம். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அந்த இடத்துக்கு விடாதீர்கள். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எங்கள் வீட்டில் ஆடு இருக்கிறது, மாடு இருக்கிறது, இன்ன மாதம் ஒன்று கன்று வீசியது, புருசெல்லாவுக்கும் ஒரு முறை இரத்தத்தைப் பாருங்கள்.